பானையும் பாஷ்யமும்

சித்திரைத் திங்கள். மேற்கே முகில் தவழும் மலைத்தொடர். அதன் அடிவாரத்திலே போடிநாயக்கனூர். பொழுது புலருமுன்னரே ஊர் விழித்துக்கொள்ளும். கையிலே தூக்குவாளி, அதிலே பழைய சோறு, இடுப்பிலே சுற்றிய சாக்கு — ஏலத்தோட்டத்திற்குக் காயெடுக்கச் செல்லும் பெண்கள் ஜீப்புகளை நோக்கி விரைவர். 17 கொண்டை ஊசி வளைவுகள், போடிமெட்டு, அதற்கப்பால் கேரளம். குளிரிலும் சாரலிலும் குனிந்து, செடியின் அடியிலே தரையோடு படர்ந்து கிடக்கும் சரங்களிலிருந்து காய் கொய்து, மாலை மங்கும் வேளையில் மலையிறங்குவர். மறுநாள் விடியலில் மீண்டும் அதே வாளி, அதே வளைவு, அதே குனிவு!

ஆண்டிலே சில நாட்கள் மட்டும் அக்கூட்டம் மலைக்கு முதுகு காட்டி நடக்கும். முல்லையாற்றங்கரையிலே வீரபாண்டி, அங்கே கௌமாரியம்மன் திருவிழா. நெருப்புச் சட்டி ஏந்துவோர் ஆயிரம் பேர். வேப்பிலை உடுத்துவோர் ஆயிரம் பேர். அவர்களுக்கிடையே சிலர் ஒரு மண்பானையைத் தலையிலே தாங்கி வருவர். பானையின் உடலெங்கும் கண்கள். அதற்கு ஆயிரங்கண் பானை என்று பெயர்.

அப்பானை ஒன்றைச் சுமந்து வந்த மூதாட்டி ஒருவரைக் கண்டேன். அவர் முகத்திலும் கண்கள்! ஆம், பெரியம்மை பதித்துச் சென்ற வடுக்கள். மலையிலே காயெடுத்தே முதுமை எய்தியவர். "பாட்டி, இந்தப் பானைக்கு என்ன பொருள்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொருளா? எனக்கு அம்மா பாத்திருந்துச்சு தம்பி, சின்னப் புள்ளையில. என் தங்கச்சிக்கும் பாத்துச்சு. எங்காத்தா ரெண்டு பேருக்கும் சேத்து நேந்துக்கிருச்சு. தங்கச்சி தங்கல. எனக்குப் போட்ட கண்ணுகள எல்லாம் ஆத்தாகிட்டயே திருப்பிக் குடுக்குறேன்னு சொல்லுச்சாம். அதான் பானை எடுக்குறேன். வேறென்ன பொருள் வேணும்?"

வேறென்ன பொருள் வேண்டும்! அந்தச் சொல் என் நெஞ்சிலே தைத்தது. ஏனெனில், வேறொரு பொருளை நான் அதற்கு முன்னரே ஒரு மேடையிலே கேட்டிருந்தேன்.

* * *

ஒலிபெருக்கிக்கு முன் நின்ற சொற்பொழிவாளர் நன்கு படித்தவர், நயமாகப் பேசுபவர். "இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று சில இளைஞர்கள் கருதுகின்றனர். உட்பொருளை உணராத குறை அது" என்று தொடங்கினார். பானை என்பது மண்ணால் ஆன உடல்; கண்கள் என்பன ஆயிரம் ஆசைகள்; அதனைத் தலையிலே தாங்குவது ஆசைகளை அறிவின் ஆட்சிக்கு உட்படுத்துவது; அம்மனிடம் ஒப்படைப்பது புலனடக்கம் — என்று அடுக்கினார். தேங்காய் உடைப்பது ஆணவத்தை உடைப்பதாம். கற்பூரம் எச்சமின்றி எரிவது 'நான்' என்பது கரைவதாம். யானைமுகத்தானின் பெருவயிறு அண்டமாம். முறக்காது நல்லதைக் கேட்டு அல்லதைத் தள்ளும் பண்பாம். கூட்டம் மகிழ்ந்தது. என்னருகே இருந்த கல்லூரி மாணவர் குறிப்பேட்டிலே எழுதிக்கொண்டார்.

அழகான விளக்கந்தான், மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, ஓர் ஐயம் எழுகிறது. பானை சுமந்த மூதாட்டிக்கு ஆயிரம் ஆசைகள் எங்கே இருந்தன? தங்கையோடு பிழைத்திருக்க வேண்டும் என்ற ஓர் ஆசை இருந்தது, அது நிறைவேறவில்லை. அவர் வாழ்விலே நிகழ்ந்த சாவை, அவர் தாய் அழுத அழுகையை, அவர் முகத்திலே தங்கிவிட்ட வடுவை அழித்துவிட்டு, அந்த இடத்திலே 'புலனடக்கம்' என்று எழுதுவதற்கு இவருக்கு உரிமை தந்தவர் யார்?

சடங்கை வெறுத்து எழுப்பும் கேள்வி அல்ல இது. சடங்குக்கு உரை எழுதுவோரிடம், நூலுக்கு உரை எழுதுவோரிடம் கேட்பதைப் போலவே கேட்கும் கேள்வி. உரை மூலத்தோடு பொருந்துகிறதா? இல்லை, மூலத்தை மூடுகிறதா?

* * *

இந்த உரை வித்தை நம் நாட்டிலே மட்டும் தோன்றியதன்று. கிரேக்க நாட்டைப் பாருங்கள். ஓமரின் காவியத்திலே தேவர்கள் பொய் சொல்கின்றனர், பொறாமை கொள்கின்றனர், ஒருவரோடொருவர் போரிடுகின்றனர். 'இவர்களா கடவுளர்?' என்று சிந்தனையாளர் சிலர் எள்ளி நகையாடத் தொடங்கினர். கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே ரேகியம் நகரத்துத் தியாகனிசு என்பவர் விடை கண்டுபிடித்துவிட்டார்: அது தேவர்களின் சண்டை அன்று, நெருப்புக்கும் நீருக்கும், வெப்பத்துக்கும் குளிருக்கும் நடக்கும் இயற்கைப் போராட்டம், பெயர்கள்தாம் தேவர்களுடையவை! கேள்வி முதலில் வந்தது. உட்பொருள் பின்னால் வந்தது. இந்த வரிசையை நினைவிலே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிளேட்டோ இதனை ஏற்றாரா? இல்லை. தம் 'குடியரசு' நூலிலே, உட்பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அத்தகைய கதைகள் சிறுவர்க்கு வேண்டா என்கிறார். எது கதை, எது கருத்து என்று பிரித்தறிய இளம் உள்ளத்தால் இயலாது. முதலிலே பதிவது கதையே. அது பின்னர் அழிவதும் அரிது என்பது அவர் வாதம். 2300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வாதத்தின் கூர் மழுங்கவில்லை.

தமிழகத்திலோ? திருமூலரை நினைவுகூர்வோம். முப்புரத்தைச் சிவன் எரித்தான் என்ற புராணத்தை எடுத்துக்கொண்டு, அப்படி நம்புவோரை மூடர்கள் என்றே திருமந்திரத்தில் சாடுகிறார். முப்புரம் என்பது மும்மலக் காரியமே என்கிறார். என்னே துணிவு! கருத்தைக் கையில் எடுத்தவர் கதையைக் கைவிட்டார். ஒன்றைக் கொள்ள மற்றொன்றைத் தள்ளினார். அதுதான் நேர்மை.

இன்றைய உரைகாரர் அவ்வாறு செய்வதில்லையே! கற்றவன் கேட்டால், "அது தத்துவம் தம்பி" என்கிறார். கல்லாதவன் வந்தால், "அது நடந்த கதையப்பா" என்கிறார். கதையும் வேண்டும், கருத்தும் வேண்டும். காலத்திற்கேற்ப மாற்றிக்கொள்ள இரண்டு சட்டைகள்! முப்புரம் மும்மலமென்றால், எரித்த இடம் இதுதான் என்று ஓர் ஊரைக் காட்டுவானேன்? யானைமுகம் அண்டத்தின் குறியென்றால், தலை வெட்டுண்ட கதையைப் பிள்ளைகளுக்கு வரலாறுபோல் சொல்வானேன்? திருமூலரின் சொல்லை மேற்கோள் காட்டுவோர் பலர். அவருடைய துணிவை மேற்கொள்வோர் சிலரே.

* * *

உருவங்களுக்கு உட்பொருளே கிடையாதென்று சொல்லிவிடலாமா? அதுவும் தவறு. ஆடல்வல்லானின் செப்புத் திருமேனியைக் காண்பவர் எவராயினும் ஒரு நொடி நின்றுவிடுவர். சோழர்காலச் சிற்பியின் கைவண்ணம் அது. அந்த ஆடலுக்கு 13ஆம் நூற்றாண்டிலேயே 'உண்மை விளக்கம்' என்னும் சைவ சித்தாந்த நூல் உரை கண்டது: துடி படைத்தலைக் குறிக்கும், அமைத்த கை காத்தலைக் குறிக்கும், தீ அழித்தலைக் குறிக்கும் என்று. ஆனந்த குமாரசாமி 'சிவநடனம்' பற்றி எழுதிய கட்டுரை அவ்வுரையை உலகறியச் செய்தது. 2004இல் இந்திய அரசு அன்பளித்த நடராசர் சிலை ஜெனீவா அருகேயுள்ள சேர்ன் அணுத்துகள் ஆய்வகத்திலே நிறுவப்பட்டது.

மகிழ்வோம், தமிழ் மண்ணின் கலைக்குக் கிடைத்த பெருமை. ஆனால் அச்சிலையைச் சுட்டி, "பார்த்தீரா, அணுவின் அசைவை நம்மவர் அன்றே அறிந்திருந்தனர்" என்று மேடை ஏறிச் சொல்பவரை என்னென்பது? அறிந்திருந்தால் அளந்திருப்பார்களே! அளவை எங்கே? கருவி எங்கே? கணக்கு எங்கே? கவிஞன் நிலவைப் பெண்ணின் முகமென்றான். அதனால் அவனை வானியல் வல்லுநன் என்போமா? உவமையின் அழகு வேறு. ஆராய்ச்சியின் அறிவு வேறு.

இன்னொன்றும் உண்டு. திருவாலங்காட்டிலே சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி. இணையாக ஆடி வந்த காளி, சிவன் காலை உச்சிக்குத் தூக்கியதும், பெண்ணுக்குரிய நாணத்தால் அவ்வாறு தூக்க மாட்டாமல் தோற்றாள் என்கிறது தலபுராணம். அண்டத்தின் அசைவுக்குப் பொருள் சொன்னவர்கள், ஆட்டத்திலே சளைக்காதவள் பெண் என்ற ஒரே காரணத்தால் தோற்றதற்கு என்ன பொருள் சொல்வார்கள்? அங்கு வந்ததும் உரை ஊமையாகிவிடுகிறது. வசதியான இடத்திலே வாய் திறப்பதும், வசதியற்ற இடத்திலே வாய் மூடுவதுமா விளக்கம்?

* * *

மீண்டும் மாரியம்மனிடம் வருவோம். இங்கே இன்னொரு வகை உரை உண்டு. இதற்கு அறிவியல் உரை என்று பெயர் சூட்டியிருக்கின்றனர். "வேப்பிலை கிருமியைக் கொல்லும்; மஞ்சள் நஞ்சை முறிக்கும்; வீட்டு வாசலிலே வேப்பிலை செருகுவது நோய் பரவாமல் தடுக்கும் அறிவிப்பு; எல்லாம் சுகாதாரந்தான்" என்பர்.

இதிலே ஓரளவு உண்மை இருக்கலாம். வேப்பிலை கண்ட வீட்டுக்குள் அயலார் நுழையாதிருந்தது நன்மைதான். பட்டறிவிலே பிறந்த பழக்கங்கள் பல உண்டு. வங்காளத்திலே அம்மைப் பாலை உடலில் கீறி ஏற்றும் பழைய முறை இருந்ததை 1767இல் ஹால்வெல் என்ற ஆங்கிலேயர் விரிவாக எழுதியுள்ளார். அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேப்பிலை பெரியம்மையைத் தடுத்திருந்தால், அந்தக் கொடிய நோய் 20ஆம் நூற்றாண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 30 கோடி மக்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டிருக்குமா? மூதாட்டியின் தங்கை மாண்டிருப்பாளா? வேப்பிலைக்குப் பஞ்சமா இருந்தது நம் நாட்டிலே?

நோயை ஒழித்தது எது? 1796இல் எட்வர்டு ஜென்னர் தொடங்கிவைத்த பசு அம்மைக் குத்தல். 1802இல் அது பம்பாய்க்கு வந்தது. மக்கள் அஞ்சினர், அம்மனின் சினத்துக்கு ஆளாவோம் என்று கையை நீட்ட மறுத்தனர். அப்போது நடந்த ஒரு நிகழ்ச்சி நம் ஆராய்ச்சிக்கு அரும்பொருள்.

எல்லீசுத் துரையைத் தமிழர் அறிவர். சென்னையிலே ஆட்சியராக இருந்தவர். திருக்குறளுக்கு உரை எழுதியவர். தென்மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816லேயே காட்டியவர். அவர் அம்மைகுத்தலை மக்கள் ஏற்கவேண்டுமென்று ஒரு கதை புனைந்தார். தேவ மருத்துவனாகிய தன்வந்தரியும் சக்தியும் உரையாடுகின்றனர். புதிய மருந்து பசுவின் கொடை என்று கதை சொல்கிறது. தமிழிலே எழுதப்பட்ட கதை! பசு புனிதம், அம்மன் ஆணை, இனி ஊசிக்கு அஞ்சுவானேன்?

நோக்கம் நல்லது. உயிர் காக்கும் நோக்கம். ஆனால் காண வேண்டியதைக் காண்போம்: தெய்வக் கதையும் அதன் உட்பொருளும் எவ்வாறு பிறக்கின்றன என்பதை, கருவிலேயே வைத்து நாம் பார்க்கிறோம் இங்கே. தேவை வந்தது, கதை வந்தது, கதைக்குப் பழமையின் பூச்சும் வந்தது. அதன் விளைவையும் கேளுங்கள். அதே காலத்தில் தன்வந்தரியின் பெயரால் வெளியான வடமொழிப் பகுதி ஒன்றை, 'அம்மைகுத்தலை நம் முன்னோர் என்றோ அறிந்திருந்தனர்' என்பதற்குச் சான்றாகப் பிற்காலத்தார் காட்டலாயினர். ஆராய்ந்தவர்கள் அது போலியென்று நிறுவினர். நன்மைக்காகச் சொன்ன பொய்யுங்கூட, சொன்னவரின் கையைவிட்டு நழுவி, பெருமை பேசுவோரின் பெட்டிக்குள் போய்ச் சேருகிறது!

இந்தியாவிலே பெரியம்மை கடைசியாகக் காணப்பட்டது 1975 மே திங்களில். 1980 மே 8ஆம் நாள், உலகிலிருந்தே அது ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மருந்தை வீடுவீடாகச் சுமந்து சென்ற பணியாளர்கள்; காடு மேடு ஏறியவர்கள்; கதவு அடைத்தவரிடம் கெஞ்சியவர்கள் — அவர்களுக்குக் கோயில் இல்லை; விழா இல்லை. அவர்கள் பெயரால் பானை எடுப்பார் யாருமில்லை.

* * *

உட்பொருள் உரைகளிலே தலையாயது ஒன்றுண்டு. பிரமனின் முகத்திலே ஒருவன், தோளிலே ஒருவன், தொடையிலே ஒருவன், காலிலே ஒருவன் பிறந்தான் என்ற செய்தி. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்துப் புருஷ சூக்தத்தை ஆதாரம் காட்டுவர். "இதில் இழிவு எங்கே? சமுதாயம் ஓர் உடல். காலின்றி உடல் நிற்குமா? கால்தானே அனைத்தையும் தாங்குகிறது?" என்பர்.

நல்லது. கால் உயர்ந்ததே! அவ்வாறானால், தாங்கிய கால் கோயிலுக்குள் நடக்கக் கூடாதென்று தடுத்தது எந்தத் தத்துவம்? போடிமெட்டின் உச்சியிலே நின்று பாருங்கள். மேற்கே அன்றைய திருவிதாங்கூர். அங்கே கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12இல். கிழக்கே மதுரைச் சீமை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை வைத்தியநாத அய்யர் அழைத்துச் சென்றது 1939 சூலை 8இல். அதற்கு முன்னே, அந்த மலைச்சரிவிலே ஏலக்காய் மூட்டை சுமந்து ஏறி இறங்கிய கால்களுக்குப் பெருங்கோயில்களின் வாயில் எந்தப் பக்கத்திலும் திறந்திருக்கவில்லை. அவர்கள் பறித்த ஏலக்காய் கருவறைக்குள் போகும். அவர்கள் போகக் கூடாது! உவமையிலே உயர்வு, ஊரிலே இழிவு. வாயிலைத் திறந்தது உரை அன்று. உரை அழகாகவே இருந்தது, நூற்றாண்டுக் கணக்கில், மூடிய வாயிலுக்கு வெளியே. திறந்தது போராட்டம், திறந்தது சட்டம்.

* * *

ஏலக்காய் என்றதும் போடியின் வணிகம் நினைவுக்கு வருகிறது. ஏலத்தையே ஏலம் விடும் ஊர் அது! நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் அங்கே நடக்கிறது. கொள்முதல் செய்ய வந்தவர், விற்பவரின் வருணனையைக் கேட்டு விலை சொல்வதில்லை. கையிலெடுத்துப் பார்ப்பார், உடைத்துப் பார்ப்பார், உள்ளே விதை கருத்திருக்கிறதா என்று காண்பார், சல்லடையிலிட்டுப் பருமன் பிரிப்பார், ஒரு லிட்டர் அளவு காய் எவ்வளவு எடை நிற்கிறதென்று நிறுப்பார். பச்சை நிறம் இயற்கையா, ஏற்றியதா என்றும் பார்ப்பார். ஏனெனில் செயற்கைச் சாயமேற்றிய காய் சந்தைக்கு வருவதுண்டு. வெளிறிய காயும் சாயத்திலே முங்கி எழுந்தால் பசுங்காய்தான் — கண்ணுக்கு!

பழைய சடங்குக்குப் புதிய தத்துவம் பூசுவதும் அத்தகைய சாயந்தான். கேள்வி என்னும் வெயில் பட்டு வெளிறிய கதைக்கு, மீண்டும் விலை போக நிறமேற்றுகின்றனர். வணிகர் செய்யும் சோதனையை நாமும் செய்தாலென்ன? தமிழிலே 'பொருள்' என்பதற்குச் சரக்கு என்றும் பொருள், கருத்து என்றும் பொருள். சரக்குக்குச் சல்லடை உண்டென்றால் கருத்துக்கும் உண்டு.

முதற் சல்லடை: இந்தப் பொருள் எப்போது பிறந்தது? சடங்கோடு பிறந்ததா, சடங்கைப் பற்றிக் கேள்வி பிறந்தபின் பிறந்ததா? தியாகனிசு முதல் நம் சொற்பொழிவாளர் வரை பலரது விளக்கங்கள் இந்தச் சல்லடையிலேயே உதிர்ந்துவிடும்.

இரண்டாம் சல்லடை: சொல்பவரை அது கட்டுப்படுத்துகிறதா? தேங்காய் ஆணவமென்றால், உடைத்தவரின் ஆணவம் உடைந்ததா? நூறு தேங்காய் உடைத்தவர் தம் தோட்டத்துக் கூலியாளை ஒருமையிலே அழைப்பதை நிறுத்தினாரா? காலே உயர்ந்ததென்றவர், கால் எனப்பட்டவர் வீட்டிலே பெண் எடுத்தாரா? நடத்தையிலே இறங்காத தத்துவம் நாவிலே நின்றுவிடும் இனிப்பு.

மூன்றாம் சல்லடை: சுமப்பவருக்கு அதனால் என்ன? பானை சுமப்பவள் தன் துயரைத் தானே சொல்கிறாள். அதைக் கேட்கும் விளக்கம் வேண்டுமா, அவள் வாயை மூடிவிட்டுத் தான் பேசும் விளக்கம் வேண்டுமா?

இந்தச் சல்லடைகள் தெய்வத்தின் வாயிலிலே செல்லுபடியாகா என்பார்க்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன். சபரிமலையிலே அரவணைப் பாயசம் புகழ்பெற்றது. அதிலே ஏலக்காய் சேரும். 2023 சனவரியில், அதில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் வரம்பை மீறியிருப்பதாக ஆய்வறிக்கை வந்தது. அதன் விற்பனையைக் கேரள உயர்நீதிமன்றம் நிறுத்தியது. இலட்சக்கணக்கான டின்கள் முடங்கிக் கிடந்தன. பின்னர் 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. தீர்ப்பின் நியாயத்தை நாம் இங்கே ஆராயவில்லை. நாம் காண்பது ஒன்று: வழக்கு எழுந்தபோது கேட்கப்பட்டது ஆய்வுக்கூடத்தின் அறிக்கை. 'படையலுக்குள் போன நஞ்சு அமுதமாகிவிடும்' என்ற தத்துவத்தை எந்த நீதிமன்றமும் ஏற்கவில்லை. வயிற்றுக்கு ஆபத்தென்றால் நாம் அனைவரும் பகுத்தறிவாளரே! மனத்துக்கு வரும் ஆபத்திலேதான் மயங்குகிறோம்.

அதோடு நின்றுவிட்டதா நம் கவலை? காயிலே எச்சமாகத் தங்கிய மருந்து, காயை எட்டுமுன் எங்கே இருந்தது? தோட்டத்துக் காற்றிலே இருந்தது. தெளித்தவன் தோளிலே இருந்தது. சரத்தின் அருகே முகம் வைத்துக் குனிந்தவளின் மூச்சிலே இருந்தது. பக்தரின் வயிற்றைக் காக்க வழக்குண்டு. கூலிப்பெண்ணின் நுரையீரலுக்கு எந்த வழக்கு? ஏலக்காயின் நறுமணத்துக்கு உட்பொருள் சொல்ல நூறு பேர் வருவர். ஏலக்காயின் உண்மையான உட்பொருள் இவளுடைய வியர்வையென்று சொல்ல யார் வருவர்?

* * *

இளைஞர்க்கு ஒரு சொல். பானையை எள்ளி நகையாடிவிட்டு, நம் கடமை முடிந்ததென்று திரும்புவது எளிது. நானும் ஒரு காலத்தில் அப்படித் திரும்பியவனே. அந்த மூதாட்டியின் முகத்தைக் கண்டபின் அது கூடாதென்று உணர்ந்தேன். அவர் சுமப்பது மடமை மட்டுமன்று; மருத்துவமனை எட்டாத ஊரில், ஊசி வந்து சேராத குடிசையில், ஒரு தாய் வேறு வழியின்றிச் செய்த ஒப்பந்தம். அதைச் சிரித்து அழிப்பவன் அறிவாளி அல்லன். அதற்குத் தத்துவச் சாயம் பூசி மேடையிலே விற்பவன் அன்பாளனும் அல்லன். இருவருமே அவர் சொன்னதைக் கேட்காதவர்கள்.

கேட்டவன் என்ன செய்வான்? அடுத்த தாய்க்கு அந்த ஒப்பந்தம் தேவைப்படாத நிலையை உண்டாக்குவான். பெரியம்மை போயிற்று, காய்ச்சலும் கடனும் போகவில்லை. மலைச்சரிவிலே மருத்துவமனை, மருந்து தெளிக்கும் தோட்டத்திலே காப்புறை, கூலிக்குப் பாதுகாப்பு, ஜீப்பிலே அளவுக்கு மேல் ஆள் ஏற்றாத ஒழுங்கு, பெண் பிள்ளைக்குப் பள்ளி. இவை வந்தால், நேர்ந்துகொள்ள வேண்டிய அச்சங்கள் ஒவ்வொன்றாய் உதிரும். அச்சம் உதிர்ந்தபின்னும் பானை எடுப்பாரானால், அது அவர் தங்கையின் நினைவாக இருக்கட்டும். நினைவுக்கு யாரும் பகைவரல்லர்.

விடைபெறும்போது மூதாட்டியிடம் கேட்டேன்: "மேடையிலே ஒருவர், இந்தக் கண்களெல்லாம் ஆசை என்று சொன்னாரே பாட்டி?"

அவர் சிரித்தார். "அவருக்கு அம்மா பாத்திருக்காது போல" என்றார்.

பானையைத் தலையிலே ஏற்றிக்கொண்டு நடந்தார். இரண்டு நாள் கழித்து, விடியலிலே, ஜீப்பிலே மலையேறியிருப்பார்.